சதுரங்கச் செக், வங்கிச் செக், கட்டம் போட்ட செக்: எல்லாம் ஒரே சொல்லா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "சதுரங்கத்தில் சொல்லும் செக், வங்கியில் கொடுக்கும் செக், சட்டைத் துணியில் இருக்கும் செக், நெடுஞ்சாலையில் வரும் செக்போஸ்ட், மருத்துவமனையில் செய்துகொள்ளும் செக்கப் ஆகிய அனைத்தும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தானா, அல்லது ஒலியில் மட்டும் ஒத்துப்போகும் வெவ்வேறு சொற்களா? வங்கிச் செக்குக்கு மட்டும் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் கியூ என்ற எழுத்து வருவது ஏன்? அது 'ஸக்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததாகப் பல இடங்களில் படிக்கிறேன், அது உண்மையா?"

முதலில் சுருக்கமான விடை. அனைத்தும் ஒரே சொல்தான். அரசன் என்று பொருள்படும் 'ஷா' என்ற பாரசீகச் சொல்லே அவற்றின் மூலம். ஆனால் அது ஒரே பாதையில் நடந்து இன்றைய பொருள்களுக்கெல்லாம் வந்து சேரவில்லை. ஒரு கிளை, ஆட்டக்காரர் வாய்விட்டுச் சொன்ன எச்சரிக்கைக் குரலிலிருந்து பிறந்தது. மற்றொரு கிளை, அந்த ஆட்டம் நடந்த பலகையிலிருந்து பிறந்தது. இரண்டும் நூற்றாண்டுக்கணக்கில் பிரிந்து நடந்து, கடைசியில் வங்கிச் செக்கில் மீண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. அரபு 'ஸக்' பற்றிய கூற்றை நான் ஏற்பதில்லை. அதற்கான காரணங்களை விளக்குவதற்கு முன் சொல்லின் பயணத்தைப் பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் பயணம் தெளிவாகத் தெரிந்தால் அந்தக் கூற்றுக்கு இடமில்லை என்பதும் தானாகவே தெரிந்துவிடும்.

மேற்கு ஈரானில் கெர்மான்ஷா நகருக்கு அருகே பெஹிஸ்தூன் என்ற மலை இருக்கிறது. அதன் செங்குத்தான பாறை முகத்தில் பேரரசர் தாரியஸ் கி.மு. 520 வாக்கில் வெட்டுவித்த கல்வெட்டு, "நான் தாரியஸ், மாமன்னன்" என்று தொடங்குகிறது. அங்கே மன்னனைக் குறிக்கும் பழம்பாரசீகச் சொல் 'க்ஷாயதிய' என்பது. ஆளுதல் என்னும் பொருளுடைய அதன் வேர், வடமொழியில் ஆட்சியைக் குறிக்கும் 'க்ஷத்ர' என்ற சொல்லுக்கும் உறவுடையது. நாம் சத்திரியர் என்று வழங்குவது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சொல்லே. 'க்ஷாயதிய' காலப்போக்கில் தேய்ந்து தேய்ந்து 'ஷா' என்ற ஒற்றை அசையாகியது. ஷாஜகான், பாதுஷா, கெர்மான்ஷா ஆகிய பெயர்களில் நிற்பது இதுதான். (அரபு 'ஷேக்' இதனோடு தொடர்பில்லாதது, அது முதியவர், பெரியவர் என்ற பொருளில் பிறந்த வேறு சொல்.)

இனி ஆட்டம். தேர், யானை, குதிரை, காலாள் என்ற நான்கு உறுப்புகளை உடைய படையைக் குறிக்கும் 'சதுரங்க' என்ற வடசொல், ஆட்டத்தோடு பாரசீகத்துக்குப் போய் 'சத்ரங்' ஆயிற்று. ஏழாம் நூற்றாண்டில் அரபியர் பாரசீகத்தை வென்றபோது ஆட்டமும் அவர்கள் கைக்கு வந்தது. பாரசீகத்தில் இருந்த 'ச்ச' ஒலியும், 'சத்ரங்' என்பதன் இறுதியில் வரும் மெலிந்த 'க' ஒலியும் அந்தச் சாயலிலேயே அரபியில் இல்லாததால் 'சத்ரங்' அவர்களிடம் 'ஷத்ரஞ்ச்' என்று மாறியது. அரபியர் ஆண்ட ஐபீரியத் தீபகற்பத்தில் மட்டும் இந்தப் பெயர் நிலைத்தது: ஸ்பானிய மொழியில் சதுரங்கத்துக்கு 'அஹெத்ரேஸ்', போர்ச்சுகீசியத்தில் 'ஷத்ரேஸ்'. ஐரோப்பாவின் பிற மொழிகளில் பெரும்பாலானவை ஆட்டத்தின் பெயரை விட்டுவிட்டு, ஆட்டத்தின்போது காதில் அடிக்கடி விழுந்த சொல்லையே அதற்குப் பெயராக வைத்துக்கொண்டன. எதிராளியின் அரசன் தாக்குதலுக்கு உள்ளாகும்போது "ஷா!" என்று சொல்லி எச்சரிப்பது அன்றைய ஆட்ட மரபு. அந்தச் சொல் இத்தாலியனில் 'ஸ்காக்கி', ஜெர்மனில் 'ஷாக்', பிரெஞ்சில் 'எஷெக்', ரஷ்யனில் 'ஷாஹ்மதி' என்று ஆட்டத்துக்கே பெயராயிற்று.

'ஷா' எப்படி 'செக்' ஆயிற்று என்பதில் தமிழருக்கு மிகவும் பழக்கமான ஓர் ஒலிமாற்றம் இருக்கிறது. இடைக்கால லத்தீனில் 'ஷ' ஒலி இல்லை. ஆகவே எழுதியவர்கள் அதை 'ஸ்க' என்று தொடங்கி, 'ஷாஹ்' என்று இறுதியில் லேசாக ஒலித்த மூச்சொலியைக் 'க்' ஆக்கி, 'ஸ்காக்குஸ்' என்றார்கள். பழைய பிரெஞ்சுக்காரர்களுக்கோ 'ஸ்க' என்று சொல்லைத் தொடங்க நா வளையவில்லை. ஸ்கூலை இஸ்கூல் என்றும் ஸ்டேஷனை இஸ்டேசன் என்றும் நம் ஊரில் சொல்வதைப் போலவே அவர்களும் முன்னால் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்து 'எஸ்செக்' என்ற வடிவத்துக்கு வந்தார்கள். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற பிறகு அந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் புகுந்தது. ஆங்கிலேயரோ அந்த முன்னொட்டு உயிரை உதிர்த்துவிட்டு, எஞ்சியதை 'செக்' என்று வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுச் சொல்லின் ஒருமையே 'செக்', பன்மையே 'செஸ்'. ஆட்டத்தின் பெயரும் ஆட்டத்தில் சொல்லும் எச்சரிக்கையும் இரு சொற்களாகத் தோன்றினாலும் இலக்கணப்படி அவை 'அரசன்', 'அரசர்கள்' என்ற ஒரே சொல்லின் இரு வடிவங்கள்தாம்.

'செக்மேட்' பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'ஷா மாத்' என்றால் 'அரசன் இறந்தான்' என்று பலரும் எழுதுகிறார்கள். 'மாத்த' என்றால் இறந்தான் என்று அரபியில் பொருள் இருப்பதால் வந்த விளக்கம் அது. பாரசீகத்தில் 'மாத்' என்பது செய்வதறியாது திகைத்து நிற்கும், கையறு நிலையில் உள்ள ஒருவரைக் குறிக்கும் சொல், இன்றும் அங்கே அந்தப் பொருளில் வழங்குகிறது. ஆட்ட விதியும் இதற்கே சாதகமாக இருக்கிறது: சதுரங்கத்தில் அரசன் ஒருபோதும் வெட்டப்படுவதில்லை, நகர இடமில்லாமல் நிற்கும்போதே ஆட்டம் முடிந்துவிடுகிறது. இந்தியில் 'ஷஹ்', 'மாத்' என்ற இரண்டும் பழைய பொருளோடே இன்றும் புழங்குகின்றன. ஆங்கிலத்தில் நண்பனைக் குறிக்கும் 'மேட்' இதற்குச் சம்பந்தமில்லாதது.

இப்போது முதல் கிளைக்கு வருவோம். சதுரங்கத்தில் 'செக்' என்று சொல்லப்பட்ட அந்தக் கணத்தில் எதிராளியின் திட்டங்கள் அனைத்தும் நின்றுவிடுகின்றன. எவ்வளவு பெரிய தாக்குதலை அவர் தொடங்கியிருந்தாலும், அதை அப்படியே விட்டுவிட்டு அரசனைக் காப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. இந்த அனுபவத்திலிருந்துதான் 'செக்' என்பது திடீர்த் தடை, பின்னடைவு, அடக்குதல் என்ற பொருள்களைப் பதினான்காம் நூற்றாண்டிலிருந்து பெறத் தொடங்கியது. வேட்டை நாய்கள் மோப்பம் தவறித் தயங்கி நின்றால் அது 'செக்'. குதிரை தலையைத் தாழ்த்தாமல் தடுக்கும் வார் 'செக்'. ஓர் அதிகாரப் பிரிவு வரம்பு மீறாதபடி மற்றொன்று தடுப்பதும் 'செக்'. பதினெட்டாம் நூற்றாண்டு அரசியல் எழுத்தில் நிலைபெற்று, 1787இல் வரையப்பட்ட அமெரிக்க அரசியல் சாசனத்தை விளக்குவோர் எல்லோரும் இன்றும் பயன்படுத்தும் 'செக்ஸ் அண்ட் பேலன்ஸஸ்' என்ற தொடரில் இருப்பது இந்தத் தடைப்பொருளே அன்றிச் சோதனைப்பொருள் அன்று. தமிழ்ச் செய்தித்தாள்களில் ஒரு கட்சித் தலைவர் இன்னொருவருக்கு "செக் வைத்தார்" என்று தலைப்பு வருகிறதே, அதுவும் இந்த மிகப் பழைய பொருளில்தான். அன்றாடப் பேச்சில் 'செக் பண்ணு' என்றால் சரிபார் என்றுதான் நாம் கொள்கிறோம். ஆயினும் சொல்லின் சதுரங்கப் பிறப்பை மறக்காத ஒரு வழக்கைத் தமிழ்ச் செய்தியாளர்கள் எப்படியோ காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

தடுத்தல் எப்படிச் சரிபார்த்தல் ஆயிற்று? இங்கேதான் பலர் ஒரு படியைத் தாண்டிவிடுகிறார்கள். சரிபார்த்தல் என்ற பொருள் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் கணக்கு வழக்குகளின் பின்னணியில் எழுகிறது. ஒருவர் எழுதும் கணக்குக்கு இணையாக இன்னொருவர் கையில் மற்றொரு பதிவு இருந்தால், முதலாமவரால் எண்ணை மாற்றி எழுத முடியாது. அந்த இரண்டாவது பதிவு அவருக்கு ஒரு கடிவாளம். ஆகவே அதுவே 'செக்' எனப்பட்டது. பிரிட்டிஷ் அரசின் கப்பல் கட்டும் துறைகளில் 'கிளார்க் ஆஃப் தி செக்' என்றோர் அதிகாரி இருந்தார். எந்தத் தொழிலாளர் வேலைக்கு வந்தார், எவர் வரவில்லை என்று பேரேட்டில் குறித்து, வராதவர் பெயரில் கூலி எழுதப்படாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலையின் ஒரு பெரும் பகுதி. ஒப்பிட்டுப் பார்த்தல் என்பது மோசடியைத் தடுக்கும் வழியாக இருந்து, பிறகு தடுப்பு என்ற கருத்து மங்கி, பார்த்தல் மட்டும் எஞ்சியது. செக்கப், செக்லிஸ்ட் ஆகியவை இந்தக் கடைசி நிலையின் பிள்ளைகள். செக்போஸ்ட் மட்டும் சுவாரசியமான விதிவிலக்கு: வண்டியை நிறுத்துவதும் நடக்கிறது, சோதிப்பதும் நடக்கிறது, பழைய பொருளும் புதிய பொருளும் அந்தச் சாவடியில் ஒன்றாகவே நிற்கின்றன.

இரண்டாவது கிளை பலகையிலிருந்து கிளம்புகிறது. இந்தியாவிலும் பாரசீகத்திலும் சதுரங்கப் பலகையின் கட்டங்களுக்கு நிறம் கிடையாது. கோடுகள் மட்டுமே உண்டு. இரு நிறங்களை மாற்றி மாற்றித் தீட்டும் வழக்கம் ஐரோப்பாவில் தோன்றியது. சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்ன் மடத்தில் கிடைத்த, பத்தாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த லத்தீன் செய்யுள் ஒன்றிலேயே இருநிறப் பலகை பேசப்படுகிறது. ஆகவே சட்டைத்துணியின் 'செக்' என்ற பொருள் பாரசீகத்திலோ அரபியிலோ பிறந்திருக்கவே முடியாது. அது முழுக்க முழுக்க ஐரோப்பியச் சேர்க்கை. சதுரங்கப் பலகை இடைக்கால லத்தீனில் 'ஸ்காக்காரியம்' எனவும், நார்மன் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'செக்கர்' எனவும் வழங்கியது. பலகை போன்ற கட்டம் போட்ட துணியும் 'செக்கர்' ஆகி, 1400 வாக்கில் சுருங்கி 'செக்' ஆனது. நம் நெசவாளர்கள் நெய்து உலகெங்கும் போன 'மெட்ராஸ் செக்' துணியின் பெயரில் பின்பாதி இந்த வழியில் வந்ததே. போர்ச்சுகீசியத்தில் 'ஷத்ரேஸ்' என்றால் சதுரங்கம் மட்டுமல்ல, கட்டம் போட்ட துணியும்தான். ஆங்கிலத்தில் அரசனின் பெயரிலிருந்து வந்த சொல்லும், போர்ச்சுகீசியத்தில் நால்வகைப் படையின் பெயரிலிருந்து வந்த சொல்லும், ஒன்றையொன்று அறியாமல் ஒரே சட்டைத்துணியில் போய் முடிந்திருக்கின்றன.

பலகையிலிருந்து பிறந்த மிகப் பெரிய சொல் 'எக்ஸ்செக்கர்'. பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்' என்றே அழைக்கப்படுகிறார். அதாவது சொல்லின்படி அவர் சதுரங்கப் பலகையின் அமைச்சர். முதலாம் ஹென்றி மன்னரின் காலத்தில், பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தக் கருவூல அமைப்பு உருவாகியிருந்தது. அது எப்படி இயங்கியது என்பதை, அங்கே கருவூலத் தலைவராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களின் இறுதியில் லத்தீனில் எழுதிய நூலொன்றிலிருந்து நாம் நேரில் பார்ப்பதுபோல் அறிய முடிகிறது. மாணவன் கேட்க, ஆசிரியர் விடை சொல்வதாக அமைந்த நூல் அது.

பத்தடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள மேசை. அதன் மேல் வைத்தது எதுவும் கீழே உருண்டு விழாதபடி சுற்றிலும் நான்கு விரற்கடை உயரத்துக்கு விளிம்பு. மேசை மேல் கறுப்புத் துணி விரித்து, அதில் கோடுகள் போட்டிருப்பார்கள். கோடுகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு மதிப்பு: வலது ஓரத்தில் பென்னி, அடுத்து ஷில்லிங், அடுத்து பவுன், பிறகு இருபது பவுன், நூறு பவுன், ஆயிரம் பவுன் என்று இடப்பக்கமாக ஏறிக்கொண்டே போகும். அன்றைய கணக்கர்கள் ரோமன் எண்களில்தான் எழுதினார்கள். அந்த எண்களை வைத்துக்கொண்டு தாளில் கூட்டிக் கழிப்பது பெரும்பாடு, அதோடு சுழியம் என்ற குறியும் அவற்றில் இல்லை. மேசையில் அந்தத் தொல்லை இல்லை, தொகையை வட்டு எனப்படும் வட்டமான சில்லுகளை நிரல்களில் வைத்தே காட்டினார்கள். ஒரு நிரலில் வட்டு எதுவும் இல்லையென்றால் அங்கே எதுவும் இல்லை என்பதே பொருள். சுழியத்தின் வேலையை வெற்றிடம் செய்தது. மாவட்டத்தின் வரி வருவாய்க்குப் பொறுப்பான ஷெரிஃப் மேசையின் ஒரு பக்கம் உட்காருவார். அவர் கட்ட வேண்டிய தொகையைக் கணக்கர் வட்டுகளால் மேலே வரிசையாக வைப்பார். கட்டிய தொகையைக் கீழே வைப்பார். பிறகு எல்லோர் கண்முன்னாலும் ஒவ்வொரு நிரலாகக் கழித்துக்கொண்டே வருவார். எழுதப் படிக்கத் தெரியாத ஷெரிஃபுக்கும் மிச்சம் எவ்வளவு என்பது கண்ணாலேயே விளங்கிவிடும்.

இதற்கு ஏன் சதுரங்கப் பலகையின் பெயர் வந்தது என்று நூலில் மாணவன் கேட்கிறான். மேசையின் தோற்றம் பலகையை ஒத்திருப்பது ஒரு காரணம் என்கிறார் ஆசிரியர். மற்றொன்று: சதுரங்கத்தில் இரண்டு அரசர்கள் பொருதுவதுபோல, இங்கே கருவூலத் தலைவரும் ஷெரிஃபும் பொருதுகிறார்கள், மற்றவர்கள் சுற்றியிருந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். தான் வகித்த பதவியையே சதுரங்க ஆட்டக்காரனின் இருக்கையாகச் சொல்லும் ஃபிட்ஸ்நீலின் இந்த விளக்கத்தில் ஒரு குறும்பு இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. 'எக்ஸ்செக்கர்' என்ற எழுத்துக்கூட்டலில் முன்னால் 'எக்ஸ்' வந்தது, பிற்காலத்தவர் 'எஸ்' என்ற பிரெஞ்சு ஒலியை லத்தீன் முன்னொட்டு என்று தவறாக நினைத்துத் திருத்தியதால்.

அந்த மேசையில் கணக்குக் குச்சிக்கும் இடமுண்டு. ஷெரிஃப் ஈஸ்டரின்போது ஒரு பகுதித் தொகையைக் கட்டினால் அவருக்குக் கிடைக்கும் ரசீது எழுத்துத் தாள் அன்று, ஒரு மரக்குச்சி. நீட்டிய கட்டைவிரல் நுனியிலிருந்து சுட்டுவிரல் நுனி வரை அதன் நீளம். ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெட்டு. நூறு பவுனுக்குக் கட்டைவிரல் அகலம். இருபது பவுனுக்குச் சுண்டுவிரல் அகலம். ஒரு பவுனுக்குப் பருத்த பார்லி மணி அளவு. பென்னிக்கு மரத்தைச் செதுக்கி எடுக்காமல் ஒரு கீறல் மட்டும். வெட்டிய பிறகு குச்சியை நெடுக்காகப் பிளப்பார்கள். வெட்டுகள் இரு பாதியிலும் இருக்கும். நீளமான பாதி பணம் கட்டியவரிடம் போகும். குட்டையான பாதி கருவூலத்தில் இருக்கும். செப்டம்பர் இறுதியில் கணக்கு முடிக்க வரும்போது இரண்டையும் சேர்த்துப் பொருத்திப் பார்ப்பார்கள். ஒருவர் தம் பாதியில் கூடுதலாக ஒரு வெட்டுப் போட்டிருந்தால் மற்றப் பாதி காட்டிக்கொடுத்துவிடும். கருவூலம் வைத்துக்கொள்ளும் பாதிக்கு 'ஃபாயில்' என்று பெயர். 'கவுண்டர்ஃபாயில்' என்ற சொல்லில் இன்றும் அது இருக்கிறது, நாம் ரசீதின் அடிக்கட்டை என்கிறோம்.

இந்தக் குச்சிகள் 1826 வரை வழக்கில் இருந்தன என்பது நம்புவதற்குச் சற்றுக் கடினமான உண்மை. தேங்கிக் கிடந்த பழைய குச்சிகளை அழிக்க முடிவு செய்து, 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபையை வெப்பமூட்டும் உலைகளில் நாள் முழுதும் போட்டு எரித்தார்கள். புகைப்போக்கிக் குழாய்கள் அளவுக்கு மீறிச் சூடேறி, அன்று மாலையே பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடத்தின் பெரும் பகுதி எரிந்து சாம்பலாயிற்று. லண்டனில் தேம்ஸ் கரையில் இன்று நாம் பார்க்கும் கட்டடம் அதற்குப் பிறகு எழுப்பியது.

வங்கிச் செக் பிறந்தது இந்த அடிக்கட்டைச் சூழலில்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எக்ஸ்செக்கர் வெளியிட்ட அரசுப் பத்திரங்கள் தொடர்பான ஆங்கில ஆவணங்களில் 'செக்' என்பது பத்திரத்தைக் குறிக்கவில்லை. பத்திரத்தைக் கிழித்துக் கொடுத்த பிறகு அலுவலகத்தில் எஞ்சியிருக்கும் அடிக்கட்டையைக் குறித்தது. மோசடியைத் தடுக்கும் இணைப்பதிவு என்ற பொருளை முன்னரே பார்த்தோம். அடிக்கட்டை செய்யும் வேலை அதுவே. இங்கிலாந்து வங்கி 1717இல் அச்சிட்ட படிவங்களைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. வாடிக்கையாளர் நேரில் போய், எண்ணிட்ட படிவத்தைக் காசாளரிடம் பெற்றுவர வேண்டும். அடிக்கட்டையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கக்கூடிய இத்தகைய தாள் என்பதால் பெயர் மெல்ல அடிக்கட்டையிலிருந்து கிழித்த தாளுக்கு நகர்ந்தது. இந்தப் பெயர் வருவதற்கு முன்பே அத்தகைய பண ஆணை வழக்கில் இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்: 1659 பிப்ரவரி 16 தேதியிட்ட, 400 பவுனுக்கு எழுதிய பணம் வழங்கு ஆணை ஒன்று பிரிட்டனில் எஞ்சியுள்ள மிகப் பழைய செக்குகளுள் ஒன்றாகக் காட்டப்படுகிறது. அன்றைய மக்கள் அதைச் செக் என்று சொல்லவில்லை.

கியூ எழுத்து எப்படி வந்தது என்ற கேள்விக்கும் இங்கே தெளிவான விடை கிடைக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சி-கே, கியூ-யூ-இ என்று இரு முடிவுகளும் கலந்தே வழங்கின. லண்டனில் வங்கியாளராக இருந்த ஜேம்ஸ் வில்லியம் கில்பார்ட், வங்கித் தொழில் குறித்து 1828இல் வெளியிட்ட நூலின் அடிக்குறிப்பில், பெரும்பாலோர் சி-கே என்றே எழுதுவதாகவும், தாம் கியூ வடிவத்தைத் தேர்ந்தது பொருள் மயக்கத்தைத் தவிர்க்கவும், கியூ எழுத்தோடு எழுதப்படும் எக்ஸ்செக்கர் என்ற சொல்லோடு ஒத்திருக்கவுமே என்றும், இங்கிலாந்து வங்கியின் அலுவலகமும் அவ்வாறே எழுதுவதாகவும் விளக்குகிறார். ஆக, அந்தக் கியூ சொல்லோடு பிறந்தது அன்று. சொல்லின் இரு கிளைகளும் ஒன்றே என்று உணர்ந்த வங்கியாளர்கள் தேர்ந்தெடுத்துப் பரப்பிய வடிவம். பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவில் இயற்றி இன்றும் நடைமுறையில் உள்ள 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் கியூ வடிவத்தையே கொண்டிருப்பதால் நம் காசோலைகளிலும் அது நிலைத்தது. அமெரிக்கர்கள் பழைய சி-கே வடிவத்தை விடவில்லை.

அமெரிக்கர்களிடம் வேறு சில பொருள்களும் உண்டு. உணவகத்தில் பில் கேட்கும்போது அவர்கள் 'செக்' என்பார்கள். கொடுத்த கோட்டுக்கோ பெட்டிக்கோ அடையாளமாகத் திரும்பத் தரும் வில்லையும் 'செக்'. சரி என்று போடும் குறியும் 'செக்'. மழையால் பேஸ்பால் ஆட்டம் நின்றுபோனால் இன்னொரு நாள் வந்து பார்க்கக் கொடுத்த அனுமதிச் சீட்டு 'ரெயின்செக்'. விருந்தழைப்பைப் பிறகு ஏற்பதாகச் சொல்லும்போது இன்று அது பேச்சுவழக்கில் வருகிறது. குறி மட்டும் சரிபார்த்தல் என்ற பொருளிலிருந்து வந்தது, மற்றவை அடிக்கட்டையின் வழிவந்தவை: கையில் ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு, பொருந்தினால் உரிமை உண்டு.

இனி அரபு 'ஸக்'. அப்படி ஒரு சொல் உண்மையிலேயே உண்டு. அது குறித்த பொருளும் உண்மையே. இஸ்லாமிய உலகின் வணிகத்தில் பணப் பொறுப்பை எழுத்தில் பதிந்து வேற்றூரில் செல்லத்தக்கதாக்கும் ஆவணம் அது. பத்தாம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல், சகாராவின் தென்கரையில் இருந்த அவ்தகூஸ்த் நகரில் 42,000 தினார் தொகைக்கு எழுதிய ஒரு ஸக்கைப் பார்த்ததாக வியந்து எழுதியிருக்கிறார். நம் பக்கத்திலும் இதற்கு இணையான ஏற்பாடு இருந்தது: நகரத்தார் வணிகம் முழுதும் உண்டியலை நம்பி நடந்தது. இன்று தமிழ்நாட்டில் உண்டியல் என்றால் கோயிலில் காணிக்கை போடும் பெட்டி. இலங்கைத் தமிழரிடம் வங்கிக்கு வெளியே பணம் அனுப்பும் முறைக்கு அந்தப் பெயர் இன்னும் வாழ்கிறது. இத்தகைய ஆவணம் பல நாகரிகங்களில் இருந்தது என்பது வேறு, சொல் எங்கிருந்து வந்தது என்பது வேறு.

சொல்லைப் பொறுத்தவரை ஸக் கூற்றுக்கு எதிராக மூன்று தடைகள் உள்ளன. அரபு வணிகச் சொற்கள் வடக்கு ஐரோப்பாவுக்கு வந்த வழி நன்கு தெரிந்த ஒன்று. 'டாரிஃப்', 'மேகஸின்' போன்றவை இத்தாலியத் துறைமுகங்களில் முதலில் தங்கி, பிரெஞ்சு வழியாகவே இங்கிலாந்தை அடைந்தன. செக்குக்கு அத்தகைய தடயம் எதுவும் இல்லை. இத்தாலியர் அதை 'அசென்யோ' என்ற தம் சொல்லால் குறிக்கிறார்கள், பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் ஆங்கிலத்திலிருந்தே கடன் வாங்கினார்கள். இரண்டாவது, காலம்: ஸக் செழித்த காலத்துக்கும் ஆங்கிலத்தில் இந்தப் பொருள் தோன்றிய காலத்துக்கும் எழுநூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி இருக்கிறது, இடையில் ஒரு கண்ணியும் இல்லை. மூன்றாவதே எனக்கு மிகவும் வலுவாகப் படுவது: ஸக்கிலிருந்து வந்திருந்தால் சொல் முதலில் பணம் வழங்கச் சொல்லும் ஆணையைக் குறித்திருக்க வேண்டும், அது முதலில் குறித்ததோ, எவருக்கும் பணம் தராமல் அலுவலகத்திலேயே தங்கிவிடும் அடிக்கட்டையை.

ஸக் என்ற சொல் அழிந்துவிடவில்லை. அதன் பன்மையான 'சுகூக்' இன்று இஸ்லாமிய நிதிப் பத்திரங்களுக்குப் பெயராக உலகச் சந்தையில் வழங்குகிறது. மலேசியா அவற்றின் முக்கிய மையங்களுள் ஒன்று. ஆனால் பெரும்பாலான அரபு நாடுகளில் வங்கிக்குப் போய்க் காசோலை கேட்பவர் ஸக் என்று கேட்பதில்லை. 'ஷீக்' என்றே கேட்கிறார். அது ஐரோப்பிய மொழிகளிலிருந்து அரபி கடன் வாங்கிய 'செக்', அதாவது பல நூற்றாண்டுகளுக்கு முன் அரபியர் சதுரங்கத்தோடு ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன பாரசீக ஷாவேதான்.